லினெட்டின் பட்டியலில் ஓர் இடம்

சாவு அறிவிப்பு கேட்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வெர்னாவுக்கு அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் வந்தது.

காலை எட்டே காலுக்கு ஸ்லேட்டர் ஊர் வானொலியில் ஒரு தேவாலயப் பாட்டு போடுவார்கள். அது முடிந்ததும், நேற்று யார் போனார்கள், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு, பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் அவசரமில்லாமல் வாசிப்பாள். கென்டக்கியின் அந்தக் கிழக்கு மலைச் சரிவில் எல்லா வீட்டு அடுப்படியிலும் அந்த நேரத்துக்கு ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். துக்கத்துக்குப் போக வேண்டுமா, என்ன சமைத்து எடுத்துப் போவது என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் கேட்பார்கள். வெர்னா கேட்டது வேறொன்றுக்காக. செத்தவர் லினெட்டிடம் வைத்தியம் பார்த்தவரா? அவரிடம் இருந்தது மெடிக்கல் கார்டா?

இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஓர் இடம் காலி.

லினெட் டாக்டர் இல்லை, டாக்டருக்கு அடுத்த படி. பி.ஏ. என்று சட்டையில் தைத்திருக்கும், பிசிஷியன் அசிஸ்டன்ட். சோதித்துப் பார்ப்பாள், மருந்து எழுதுவாள், தையல் போடுவாள். அவளுக்கு மேலே ஒரு டாக்டர் இரண்டரை மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பதாகச் சொல்வார்கள். ஸ்லேட்டரில் யாரும் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. மெடிக்கல் கார்டு என்பது இல்லாதப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காப்பீடு. அதை நீட்டினால் பல இடங்களில் முகம் மாறும். லினெட்டின் கிளினிக்கில் மாறாது. ஆனால் கிளினிக்கை நடத்திய கம்பெனி, கார்டுக்காரர்கள் இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டி வைத்திருந்தது. ஒருவர் போனால்தான் அடுத்தவர்.

வெர்னாவுக்கு அறுபத்தோரு வயது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கி முதுகு போன பிறகு வீட்டோடு இருந்தாள். சர்க்கரை வந்து பதினொரு வருடம். கணவன் டெல்மர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நுரையீரல் முழுக்கத் தூசி படிந்து மூன்று வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அவன் பொருட்களில் அவள் விடாமல் வைத்துக்கொண்டது அவனுடைய வேலை பூட்ஸ். தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் கோழிகளுக்குத் தீனி போடப் போவாள். அவளுக்கு அது இரண்டு அளவு பெரிது. கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும். அதை அவள் குறையாக நினைத்ததில்லை.

அவளைப் பார்த்துவந்த பழைய டாக்டர் வசந்தத்தில் கடையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கார்டுக் கம்பெனி ஒரு புத்தகம் அனுப்பியது, இவர்கள் எல்லாம் உங்கள் கார்டை ஏற்பார்கள் என்று. வெர்னா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று நாள் ஃபோன் போட்டாள். பதினான்கு பெயர்கள். ஒருவர் குழந்தை மருத்துவர். ஒருவர் வேறு மாநிலத்துக்கு மாறிவிட்டார். நான்கு இடங்களில் கார்டை இப்போது எடுப்பதில்லை என்றார்கள். ஒருவர் இறந்து இரண்டு வருடம். அந்தச் செய்தியை அவளே ரேடியோவில் கேட்டிருந்தாள். மிச்சப் பேரில் சிலர் ஃபோனையே எடுக்கவில்லை. அதற்கு அவள் கோபப்பட முடியாது. அந்த மலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யாருமே எடுப்பதில்லை. முதுகு பெல்ட் விற்பவன், அடக்கச் செலவுக்குக் காப்பீடு விற்பவன், கார் இல்லாதவளுக்குக் கார் உத்தரவாதம் விற்பவன் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பார்கள். அடிக்க விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம்.

கடைசியில் மிஞ்சிய ஒரே பெயர் லினெட். அந்தப் பெயரைத்தான் வெர்னா முதலிலிருந்தே தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காரணம், லினெட் ஓபலுடைய ஆள்.

ஓபல் டெல்மரின் அக்கா. வெர்னாவுக்கு நாத்தனார். ஓடையின் கீழ்முனையில் அவள் வீடு, மேல்முனையில் வெர்னாவின் வீடு. புதன்கிழமை ஜெபம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஓபலுக்குப் பேச வேறு விஷயமே கிடையாது.

"நேத்து லினெட் என் கால் நகத்தை எல்லாம் வெட்டி விட்டா. தரையில உக்காந்து, என் பாதத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு."

"அடுத்த தடவை நகத்துக்குச் சாயமும் பூசச் சொல்லு," என்றாள் எதிரில் இருந்தவள்.

"கேட்டா பூசி விடுவா. என்னை 'கண்ணு'ன்னுதான் கூப்பிடுவா, தெரியுமா?"

வெர்னா சோள ரொட்டியைப் பிய்த்து பீன்ஸில் தோய்த்துக்கொண்டே, "ஏன், உன் வீட்ல கத்திரி இல்லையா?" என்றாள்.

"இந்த வயித்தைப் பாத்துட்டுமா கேக்கற? இது குனிய விடுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓபல் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். வெர்னா அதே வார்த்தையைச் சொன்னால் ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்பார்கள். நாற்பது வருடமாக இப்படித்தான். கல்யாணமான முதல் வாரம் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு டெல்மர், "ஓபல் மோர் விட்டுச் சுடுவா," என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். வெர்னா அன்று முதல் மோர் விட்டே சுட்டதில்லை.

ஆகஸ்டில் சர்க்கரை மாத்திரை தீரும் நிலைக்கு வந்தது. பக்கத்து ஊரில் அவசரத்துக்குப் பார்க்கும் ஒரு கிளினிக்கில், ஒரு தடவைதான் தருவோம், அடுத்ததற்கு உங்களுக்கென்று ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அவள் நாளுக்கு இரண்டு போடுவதை ஒன்றாக்கினாள். வலது காலின் சுண்டுவிரலில் பூட்ஸ் உரசி ஒரு கொப்புளம் வந்திருந்தது. வலிக்கவில்லை. அந்தப் பாதத்தில் வலி தெரிவது நின்று வருடக்கணக்காகிறது. வலிக்காததால் அது பெரிய விஷயமில்லை என்று வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒருநாள் காலை மானத்தை விட்டு லினெட்டின் கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள். முன்மேசையில் இருக்கும் ட்ரீமா எடுத்தாள்.

"என்ன காப்பீடுங்க?"

"மெடிக்கல் கார்டு."

"இப்போதைக்குப் புதுசா எடுக்கறதில்லைங்க. பேரை எழுதி வெச்சுக்கட்டுமா? எந்தப் பக்கம் நீங்க?"

"டர்க்கிபென் ஓடை."

"அட, நம்ம மிஸ் ஓபல் இருக்கற ஓடை. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

வெர்னா ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அவங்க தம்பி பொண்டாட்டி நான்."

"அப்போ கவலையே இல்ல. மிஸ் ஓபல் ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா..."

"வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பெயரைச் சொல்லவே இல்லை.

அவள் ஊரில் யாரும் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டுப் பழகியதில்லை. சொந்தக்காரர் யாராவது கேட்டு வாங்கித் தருவார்கள். தராவிட்டால் இல்லாமல் இருப்பார்கள். ஓபல் தானாகக் கேட்டிருக்கலாம். வெர்னாவின் டாக்டர் போய்விட்டது அவளுக்குத் தெரியும். வாரம் தவறாமல் லினெட்டின் கதையை அளக்கிறவளுக்கு, 'உனக்கு வேணுமா' என்று கேட்க வாய் வரவில்லை. கேட்க மாட்டாள், தனக்கென்று ஒன்று இருந்தால் அதைப் பங்கு போட மாட்டாள் என்று வெர்னா தீர்மானித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்துதான் ரேடியோவும் பென்சிலும்.

ஆகஸ்டில் லினெட்டின் ஆட்கள் இருவர் போனார்கள். ஒருவர் பென்ஷன்காரர், கார்டு இல்லை. இன்னொருத்தியின் இடம் யாருக்குப் போனதென்று தெரியவில்லை. தன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பது தெரிந்தே வெர்னா குறித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பசித்தவள் அடுத்த வீட்டு அடுப்புப் புகையை எண்ணுவது மாதிரி.

செப்டம்பர் தொடக்கத்தில் ஓபலுக்குப் புது ரத்த அழுத்த மாத்திரை தலைசுற்றலைக் கொடுத்தது. கார்டுக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேனில் துணைக்கு ஓர் ஆளை ஏற்றலாம். "வர்றியா? மயங்கி விழுந்தா பிடிக்க ஒரு ஆள் வேணும்," என்றாள் ஓபல். "உன்னைப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும்," என்றாள் வெர்னா. ஆனால் போனாள். லினெட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசையே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

லினெட்டுக்கு நாற்பது வயது இருக்கும். தூக்கிக் கட்டிய முடி, சேறு ஒட்டிய செருப்பு. நோயாளியைக் கூப்பிட நர்ஸை அனுப்பாமல் தானே வெளியே வந்தாள். "வா கண்ணு. கோழி திரும்ப முட்டை போட ஆரம்பிச்சுதா?" என்று ஓபலின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனாள். கதவு மெல்லிய பலகை. உள்ளே இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது, மூன்றாம் தடவை கொஞ்சம் நீளமாக. வைத்தியம் பார்க்கும் இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? வெர்னா சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலுறை ஈரமாக இருப்பது குனிந்து தொட்டபோதுதான் தெரிந்தது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

இருவரும் வெளியே வந்ததும் வெர்னா எழுந்து வாசல் பக்கம் நடந்தாள். லினெட் நின்றாள். "நீங்கதான் வெர்னாவா? உங்களைப் பத்தி..."

"துணைக்கு வந்தேன். அவ்வளவுதான்."

"கொஞ்சம் சாய்ச்சு நடக்கறீங்களே, கால்ல என்ன?"

"பூட்ஸ் பெருசு."

லினெட் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஓபல் வெர்னாவின் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேனில் ஏறியதும், "ஏன் காட்டல?" என்றாள்.

"உன் ஆளு. உன் நேரம். நான் ஏன் காட்டணும்?"

"அவ என்ன என் வீட்டு மாடா? கயிறு போட்டுக் கட்டியா வெச்சிருக்கேன்?"

"கட்டித்தான வெச்சிருக்க."

வேன் ஓட்டும் ஹோபர்ட் கண்ணாடியில் பார்த்தான். "அம்மாங்களா, வளைவு வருது. சண்டையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கம்பியைப் பிடிச்சுக்குங்க."

வெர்னா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஓபலுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வெர்னா கோழிச்சாறு வைத்து எடுத்துப்போனாள். ஓபல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. டெல்மரின் மூச்சு கடைசி மாதம் அப்படித்தான் இருந்தது. கட்டிலருகே நின்ற வெர்னாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஓர் இடம் என்று. அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஓபலின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், தேவையில்லாமல் இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். மறுநாள் காலை ரேடியோ பாட்டு தொடங்கியதும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள். பாட்டுக்குப் பிறகு வாசித்த பெயர்களில் ஓபல் இல்லை. அது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது.

ஓபல் தேறிவிட்டாள். அக்டோபர் முதல் ஞாயிறு அவளுக்கு அறுபத்தைந்தாம் பிறந்தநாள். தேவாலயத்தின் கீழறையில் சாப்பாடு வைத்தார்கள். லினெட்டும் வருவாளாம் என்று கேள்விப்பட்டதும் வெர்னா தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டாள். மாத்திரை ஐந்து மிச்சம். சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது. பார்க்காமல் காலுறையை மாட்டினாள், அதற்கு மேல் டெல்மரின் பூட்ஸை மாட்டினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் அடித்தது. அடிக்க விட்டாள். செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்துக்கு அடித்தது. அதையும் விட்டாள்.

புதன்கிழமை ஓபல் தானே ஏறி வந்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்க, கையில் ஒரு மூடிய தட்டு. உள்ளே ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக்கில் ஒரு துண்டு.

"தலைவலி போச்சா?"

"போச்சு."

"போகும். லினெட் வரலேன்னு யாராவது சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையே போயிருக்கும்." ஓபல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள். "என்ன வாடை இது? எலி கிலி செத்துக் கிடக்கா?"

வெர்னாவுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அடுப்புக்குப் பின்னால் பார்ப்பதற்காக எழுந்தாள். அவள் நகர்ந்தபோது ஓபலின் பார்வை அவள் காலோடு கூட நகர்ந்தது.

ஃபோன் அடித்தது.

"விடு," என்றாள் வெர்னா. "பெல்ட் விக்கறவன். மூணு நாளா கரெக்டா இதே நேரத்துக்கு அடிக்கறான்."

"மூணு நாளாவா?"

வயிறு குனிய விடாது என்று ஊர் முழுக்கச் சொன்னவள், மேசைக்கு மேலே அப்படியே சாய்ந்து ஃபோனைப் பிடுங்கினாள். "இருக்கா. இருக்கா ட்ரீமா, இங்கதான் இருக்கா, உயிரோடதான் இருக்கா. பேரை அடிச்சிடாத... என்னது? ஃபோனை எடுக்கறதுக்கு என்ன வியாதின்னா கேக்கற? கழுதை மாதிரி பிடிவாதம், அதுக்கு உங்ககிட்ட மருந்து இருந்தா அதையும் எழுதச் சொல்லு. இன்னைக்கே வர்றோம். காலைப் பாக்கணும், இன்னைக்கே."

வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"என்ன நடக்குது?" என்றாள் வெர்னா.

"எனக்கு அறுபத்தஞ்சு ஆயிடுச்சு. மெடிக்கல் கார்டு போய் முதியோர் கார்டு வந்துடுச்சு. அதுக்கு அங்க கணக்கு வரம்பு கிடையாது, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கலாம். என் பழைய இடம் காலி. இடத்தை விடறவங்க சொந்தத்துல ஒருத்தருக்குக் குடுக்கலாம், அவங்க வழக்கம் அது. ஆனா மூணு தடவைதான் கூப்பிடுவாங்க. எடுக்கலேன்னா வெளியாளுக்குப் போயிடும்."

"எப்போ சொல்லி வெச்ச?"

"உன் டாக்டர் கடையைக் கட்டின வாரமே. லினெட்கிட்டயே."

ஏப்ரல். வெர்னா மனத்துக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். அவள் ரேடியோவுக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்த எல்லாக் காலையும் அதற்குப் பிறகு வந்தவை. யாராவது சாக வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். வேண்டியிருந்தது ஒரு பிறந்தநாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பியா? மோர் விட்டா ரொட்டி நல்லா வரும்னு தெரிஞ்சும் நாப்பது வருஷமா விடாதவ நீ." ஓபல் கேக் தட்டைத் திறந்து வைத்தாள். "நீ ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்ப."

ஓபல் யோசித்தாள். "காட்டியிருப்பேன்தான்," என்றாள். "இப்பவும் காட்டுவேன். பூட்ஸைக் கழட்டு."

கிளினிக்கில் அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், மேல்சட்டைப் பையில் புகையிலை டப்பாவோடு. லினெட் வெளியே வந்து, "வாங்க கண்ணு," என்று அவரைக் கூட்டிப்போனாள். அடுத்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணும் கண்ணு. குழந்தையும் கண்ணு. வெர்னாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆறு மாதம் நெஞ்சை அறுத்த வார்த்தை ஓபலுக்கென்று செய்ததில்லையாம். ஊருக்கே செய்ததாம். பொறாமைப்பட்டதெல்லாம் வீணாகப் போய்விட்டதே என்பது போல ஒரு வருத்தம். தன் முறை வந்து, "வாங்க கண்ணு," என்று லினெட் அவள் தோளில் கை போட்டபோது, ஊருக்கே செய்ததுதான் என்று தெரிந்தும் அவள் தோளை விலக்கிக்கொள்ளவில்லை.

லினெட் தரையில் உட்கார்ந்தாள். அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலுறையைக் கத்தரித்து எடுத்தாள். பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எவ்வளவு நாளா?"

"ஆகஸ்ட்ல இருந்து."

"செப்டம்பர்ல நீங்க வெளிய உக்காந்திருந்தப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

லினெட் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வெர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்த ஒரு விரல் போகும் கண்ணு. மத்ததைக் காப்பாத்தப் பாப்போம்," என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே ஃபோன் போட்டுப் பேசினாள். மாத்திரை எழுதினாள். பிறகு ஒரு சின்னத் தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தாள். "இது என் சொந்த நம்பர். திரும்பி வந்தப்புறம் காயம் நிறம் மாறினா, நாத்தம் வந்தா, ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ராத்திரி பகல் பாக்காதீங்க. கிளினிக் ஃபோனைப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க."

வெர்னா அதை நான்காக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். ஐந்து நாள் படுக்கை. ஓபல் தினமும் வந்து பக்கத்துக் கட்டில்காரியோடு சிநேகமாகி, அவளைச் சிரிக்க வைத்து, வெர்னாவுக்கு வந்த ஜெல்லியைத் தின்றாள். டெல்மரின் பூட்ஸைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டாள். வெர்னா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போய்விட்டு ஹோபர்ட்டின் வேனில் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நோயாளி வெர்னா, துணை ஓபல். காயம் ஆறிவிட்டது என்று லினெட் சொல்லியிருந்தாள். மருந்துச் சீட்டைப் படிக்க வெர்னா கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். மடித்த தாள் ஓபலின் மடியில் விழுந்தது. ஓபல் அதைத் திறந்தாள். கிளினிக்கில் வாங்கும் எல்லாச் சீட்டிலும் இருக்கும் அதே லினெட்டின் கையெழுத்து.

"இது யார் நம்பர்?"

"லினெட்டோடது."

"கிளினிக் நம்பர் இது இல்லையே."

"அவ சொந்த நம்பர். ராத்திரி பகல் பாக்காம கூப்பிடச் சொன்னா."

ஓபல் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு ஏதாவது இருக்கிறதா என்பது போல. "ரெண்டு வருஷமா போறேன். எனக்குக் குடுத்ததில்ல."

"உனக்கு விரல் போகல."

"நெஞ்சுல சளி கட்டி சாகக் கிடந்தேனே. அப்போ கூடக் குடுக்கலியே."

பிறகு ஓபல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுத்து சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடமாகக் கண்ணாடியில் தன் கழுத்தில் பார்த்துவந்தது. ஓபலின் கழுத்தில் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு வளைவு தாண்டும் வரை அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் ஆசை தீர்ந்துவிட்டது. கையில் ஏதோ கொஞ்சம் சேர்ந்துவிட்டவள் போல, கொடுக்கலாம் என்று தோன்றியது.

"டெல்மர் கடைசியா என்ன பேசினான்னு நான் உன்கிட்ட சொன்னதில்ல."

ஓபல் திரும்பவில்லை. "தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்ன."

"இல்ல. விடியும்போது கண்ணைத் திறந்தான். 'ஓபல் வந்தாளா'ன்னு கேட்டான். வரலைன்னேன். அதுக்கப்புறம் பேசல. நீ மத்தியானம் வந்த."

வேன் ஓடைப் பாலத்தில் தடதடவென்று ஏறி இறங்கியது. ஹோபர்ட் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"மூணு வருஷம் வெச்சிருந்தியா இதை?"

"வெச்சிருந்தேன். முப்பத்தேழு வருஷம் கூட இருந்தவ நான். கடைசியில கேட்டது உன்னை."

ஓபல் கைப்பையைத் திறந்து மூடினாள். மூக்கை உறிஞ்சினாள். "என்னையில்ல கேட்டது," என்றாள். "பூட்ஸை. முந்தின வாரம் என்கிட்ட குடுத்தான், புது அடி போட்டுட்டு வான்னு. 'வெர்னா இதைப் போட்டுக்கிட்டு கோழிக்கூண்டுக்குப் போறா, அடி தேஞ்சிருக்கு, வழுக்கி விழுவா'ன்னான். அன்னைக்குத்தான் கொண்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன். கடைக்காரன் மத்தியானம்தான் குடுத்தான்."

அன்று மத்தியானம் ஓபல் ஒரு காகிதப் பையோடு வந்தது வெர்னாவுக்கு நினைவிருக்கிறது. பையில் பூட்ஸ் இருந்ததும், அடி புதிதாக இருந்ததும் நினைவிருக்கிறது. டெல்மர் அப்படிச் சொன்னானா, அல்லது பாலத்துக்கும் இந்த வளைவுக்கும் நடுவில் ஓபல் கட்டிய கதையா, அதுதான் தெரியாது. ஓபல் கட்டக்கூடியவள். சிரிக்க வைக்க எத்தனையோ கட்டியிருக்கிறாள். வெர்னா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கழுத்துச் சிவப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

டர்க்கிபென் ஓடைத் திருப்பம் வந்தது. கோழிக்கூண்டுத் தகரம் தூரத்தில் தெரிந்தது.

"பேனா இருக்கா?" என்றாள் வெர்னா.

"எதுக்கு?"

"நம்பரை எழுதிக்கோ. அடுத்த தடவை சளி கட்டினா யாரைக் கூப்பிடுவ?"

ஓபல் பையைக் குடைந்து பேனாவை எடுத்தாள். தாள் கிடைக்கவில்லை, உள்ளங்கையை விரித்துக்கொண்டாள். வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக நிதானமாக வாசித்தாள். கடைசி எண்ணைச் சொல்ல மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.